நடுவழி

வாழ்க்கையின் தொடக்கத்துக்கு வாழ்த்துரைகள் உண்டு. முடிவுக்கு இரங்கலுரைகள் உண்டு. பிள்ளை பிறந்த வீட்டிலும் மணவீட்டிலும் மரண வீட்டிலும் ஊர் கூடுகின்றது. ஆயின் இவற்றுக்கு இடையே கிடக்கும் நெடிய வெளியை, முப்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட அந்த இருபத்தைந்து ஆண்டுகளை, எவரும் கூடிநின்று பார்ப்பதில்லை. அவ்வழியிலே மனிதன் பெரும்பாலும் தனியாகவே நடக்கின்றான்.

அந்த நடுவழியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன். நான் தத்துவஞானி அல்லன்; யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரி ஒன்றிலே இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் ஓர் ஆசிரியன். சைவக் குடும்பத்திற் பிறந்தவன். நெற்றியில் நீறின்றிக் கல்லூரி வாயிலை மிதித்தறியாதவன். எனினும் நடுவழியைப் பற்றிய பாடம் எனக்கு ஒரு கிறிஸ்தவரின் வீட்டு விறாந்தையிலேதான் கிடைத்தது. கிடைத்த இடத்தை மறைத்துவிட்டுப் பாடத்தை மட்டும் சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு பிற்பகல். ஆசிரியர் ஓய்வறையிலே தனியாக அமர்ந்து கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். “மாணவர்கள் வந்தது” என்று ஒரு பையன் எழுதியிருந்தான். எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை. சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன். அடுத்த கொப்பியிலும் அதே பிழை. அதற்கடுத்த கொப்பியிலும் அதே பிழை. அப்போது திடீரென ஓர் எண்ணம் எழுந்தது. இதே பிழையை 2003ஆம் ஆண்டிலே முதன்முதலாக வட்டமிட்டேன். இருபது ஆண்டுகளாக வட்டமிட்டுக்கொண்டே இருக்கின்றேன். பிழை குறைந்தபாடில்லை. பிழைவிட்ட பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். புதிய பிள்ளைகள் வந்து அதே பிழையை விடுகின்றார்கள். இனி ஓய்வுபெறும் வரைக்கும் இன்னும் பதினைந்து ஆண்டுகள் இப்படித்தான். பேனையை மூடி வைத்துவிட்டு, சாளரத்துக்கு வெளியே நின்ற வேம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்பது நினைவில்லை.

எனக்கு எந்தக் குறையும் அப்போது இருந்ததாகச் சொல்ல முடியாது. மனைவி, இரண்டு பிள்ளைகள், சொந்த வீடு, மாதச் சம்பளம். சம்பளம் மட்டும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், மாதத்தின் இருபதாம் நாளுக்கு அப்பால் எட்டுவதில்லை. கனடாவில் இருக்கும் என் தம்பி வாரந்தோறும் தொலைபேசியிலே அழைத்து, “அண்ணா, நீங்கள் அங்கே இருந்து என்ன செய்யப் போறியள்? பிள்ளைகளையாவது யோசியுங்கோ” என்பான். விண்ணப்பப் படிவங்களையும் அனுப்பியிருந்தான். எங்கள் கல்லூரியிலிருந்தும் சிலர் புறப்பட்டுவிட்டார்கள். நானும் போய்விடலாம் என்று பாதி மனத்தோடு எண்ணத் தொடங்கியிருந்தேன். மறுபாதி மனம் என்ன நினைத்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்றை மாத்திரம் நான் அறிவேன். என் வாழ்விலே நோக்கமின்மை என்னும் நோயை நான் முன்பு அனுபவித்ததில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் குடாநாட்டு மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது. துவிச்சக்கர வண்டியிலே அப்பாச்சியை இருத்தி, மழையிலும் சனநெருக்கத்திலும் உருட்டிக்கொண்டு போனேன். அன்று வாழ்க்கையின் நோக்கம் யாது என்று எவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பாச்சி விழாமல் இருக்க வேண்டும், அதுவே நோக்கம். பின்னர் பல்கலைக்கழகம், பட்டம், நியமனம், திருமணம், பிள்ளைகள் என ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு குறிக்கோள் தானாகவே வந்து முன்னின்றது. ஆபத்திலும் ஆரம்பத்திலும் நோக்கம் நம்மைத் தேடி வருகின்றது. எல்லாம் ஓரளவு அடங்கிய பின்னரே நாம் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கின்றது.

எங்கள் கல்லூரியிலே அப்போது ஒரு கணித ஆசிரியர் இருந்தார். ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களே இருந்தன. நாங்கள் எல்லோரும் அவரை ‘மாஸ்ரர்’ என்றே அழைப்போம். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். காலைப் பிரார்த்தனையிலே தேவாரம் பாடப்படும்போது கைகளைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நிற்பார். சமயத்தைப் பற்றி அவர் எவரோடும் பேசி நான் கண்டதில்லை. அவருடைய மனைவி நோயாளி என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அவரிடம் எவரும் கேட்பதில்லை.

அந்த ஆவணியிலே ஒருநாள் அவர் கல்லூரிக்கு வரவில்லை. தவணைப் பரீட்சைப் புள்ளிகளை அவரிடம் ஒப்பிக்க வேண்டியிருந்தது. மாலையிலே மானிப்பாய்க்குப் போனேன். கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் கடந்து ஓர் ஒழுங்கைக்குள் அவர் வீடு. விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் என்னை இருத்திவிட்டு உள்ளே சென்றார். திறந்திருந்த கதவினூடாக ஒரு கட்டிலும், அதிலே படுத்திருந்த ஓர் அம்மையாரும் தெரிந்தனர். மாஸ்ரர் அவரைப் பக்கவாட்டிலே திருப்பி, முதுகுக்குப் பவுடர் போட்டு, தலையணையைச் சரிசெய்து, போர்வையை இழுத்துவிட்டார். கணித பாடத்திலே கரும்பலகையில் கோடு கீறுவது போல அவ்வளவு நிதானமாக அந்த வேலை நடந்தது.

வெளியே வந்து, தாமே ஊற்றிய தேத்தண்ணீரை என்னிடம் தந்து, “பகலிலே வந்து பார்க்கிற பிள்ளைக்கு இண்டைக்குச் சுகமில்லை. அதுதான் நான் வரேல்லை” என்றார்.

“எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறா, மாஸ்ரர்?” என்று கேட்டேன்.

“2012ஆம் ஆண்டு பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதும் போயிற்று, பேச்சும் போயிற்று. பதினொரு வருஷம்.”

பதினொரு வருடம்! அவர் அப்போது நாற்பத்தொன்பது வயதினர். என் வயதிலிருந்து சற்றே அப்பால். நான் என் கொப்பிகளை எண்ணி நொந்துகொண்டிருந்த அதே ஓய்வறையிலே, இந்த மனிதர் பதினொரு வருடம் என் எதிரே அமர்ந்து கொப்பிகள் திருத்தியிருக்கின்றார். இந்தப் பாரத்தை ஒருநாளும் மேசைமேல் வைத்ததில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலே, மறைத்து வைத்திருந்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது. பிழைகளின் கதையையும், தம்பியின் படிவங்களையும், மனத்தில் ஒன்றும் ஊன்றாத நிலையையும் அவரிடம் சொன்னேன். ஈற்றிலே கேட்டேன்: “நீங்கள் விசுவாசி. உங்களுக்கு இப்படியொரு வெறுமை வருவதில்லையோ?”

அவர் சிரித்தார். “தம்பி, விசுவாசிக்கு வெறுமை வராது என்று உமக்கு ஆர் சொன்னது? முதல் இரண்டு வருஷமும் நான் கடவுளோடு வழக்காடினேன். சுகமாக்கும், இல்லையெண்டால் எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன். இரண்டும் நடக்கேல்லை. அதற்குப் பிறகு வழக்காடவும் களைப்பு. அதுதான் பொல்லாத காலம். துக்கம் எண்டாலும் அதிலே ஒரு சூடு இருக்கும். இது சூடுமில்லை, குளிருமில்லை.”

“பிறகு?”

“பிறகு ஒண்டுமில்லை. ஒவ்வொரு இரவும் ஒரு சங்கீதம் வாசித்தேன்.”

கிறிஸ்தவ வேதத்திலே சங்கீதங்கள் நூற்றைம்பது உண்டு. மனைவியை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரவிலிருந்து, கட்டிலருகே அமர்ந்து இரவுக்கு ஒன்றாக வரிசைப்படி வாசித்து வருகின்றார். நூற்றைம்பதும் முடிந்தால் மீண்டும் முதலாவதிலிருந்து. “இப்ப இருபத்தேழாம் சுற்று நடக்குது” என்றார். கணக்காசிரியர் அல்லவா!

“அவவுக்கு விளங்குகிறதோ என்று எனக்குத் தெரியாது. வைத்தியர்மாராலும் திட்டமாகச் சொல்ல ஏலவில்லை. சில நாளிலே எனக்கே விளங்காது. வாய் வாசிக்கும், மனம் நாளைய பாடத்திலே நிற்கும். எண்டாலும் வாசித்தேன். ஒன்பதாம் வருஷம் ஒருநாள் நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதத்தின் முறை வந்தது. அதுதான் எல்லாத்திலும் பெரியது. நூற்று எழுபத்தாறு வசனம். எனக்கு அன்றைக்குச் சரியான களைப்பு. ஆருக்குத் தெரியப்போகுது என்று அதை விட்டுவிட்டு, நூற்றிருபதை வாசிக்கத் தொடங்கினேன். அது ஏழே ஏழு வசனம்.”

சற்று நிறுத்தினார்.

“அவ இடக்கையாலே கட்டில் சட்டத்திலே தட்டினா. நான் நிற்பாட்டினேன். திரும்பத் தொடங்கினேன். திரும்பவும் தட்டினா. தண்ணீர் வேணுமோ என்று கேட்டேன், இல்லை. திருப்பிப் படுக்க வைக்கவோ என்று கேட்டேன், இல்லை. கடைசியிலே எனக்கு விளங்கிச்சுது. பக்கத்தைத் திருப்பி நூற்றுப் பத்தொன்பதை எடுத்தேன். கை ஓய்ந்தது. தம்பி, ஒன்பது வருஷமாக நான் தனிய எண்ணிக்கொண்டு வாறன் என்று நினைச்சிருந்தன். அவவும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறா.”

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. மானிப்பாய் வீதியிலே ஒரு பேருந்து போகும் ஓசை மட்டும் கேட்டது.

பின்னர் அவரே தொடர்ந்தார். “எங்கட இயேசுநாதரின் சரித்திரத்தை எடுத்துப் பாரும். பிறப்பு எழுதியிருக்கு. பன்னிரண்டு வயதிலே எருசலேம் தேவாலயத்திலே போதகர்மாரோடு பேசினது எழுதியிருக்கு. அதற்குப் பிறகு முப்பது வயதளவிலே ஊழியம் தொடங்கினார். இடையிலே பதினெட்டு வருஷம். அதுக்கு லூக்கா எழுதினது இரண்டொரு வரிதான். நாசரேத்து என்கிற சின்ன ஊரிலே தச்சு வேலை. மரத்தை அளந்தார், அறுத்தார், செப்பனிட்டார். இரட்சகர் என்று நாங்கள் கும்பிடுகிறவர், தமது ஆயுளின் பெரும்பகுதியை ஒருவரும் எழுதி வைக்காத வேலையிலே கழித்தார். எழுதவில்லை என்பதாலே அந்தப் பதினெட்டு வருஷமும் நடக்காமல் போகுமோ? எங்கட கொப்பிகளையும் கட்டில்களையும் அவர் அறிவார் என்று நான் நம்புகிறன். என்ர விசுவாசம் அவ்வளவுதான். அதற்கு மேலே பெரிதாக ஒண்டும் இல்லை.”

புறப்படும்போது, “உமக்குத் தமிழ்தானே பாடம்? இந்த ஆசுப்பத்திரிக்குப் பேரான கிறீன் வைத்தியரின் புத்தகங்களைப் பார்த்திருக்கிறீரோ?” என்று கேட்டார். பெயரளவில் அறிந்திருந்தேனேயன்றிப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். “பாரும். உம்முடைய வயதிலேதான் அந்த மனுசன் திரும்பி வந்தது” என்றார்.

அந்த வாக்கியம் என்னோடு வீடுவரை வந்தது. அடுத்து வந்த வாரங்களிலே நூலகங்களில் தேடிப் படித்தேன். சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் வூஸ்டர் நகரிலே 1822ஆம் ஆண்டு பிறந்தவர். அமெரிக்க மிஷனைச் சார்ந்த வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயிலே நிலைகொண்டு நோயாளரைப் பார்க்கவும் நம்மவர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார். பத்தாண்டு உழைத்தபின் தாயகம் திரும்பினார். இவ்வளவோடு நின்றிருந்தாலும் அவருடைய கடமை நிறைவெய்தியதாகவே உலகம் சொல்லியிருக்கும். ஆயின் 1862இல், நாற்பதாவது வயதிலே, மணமுடித்து மீண்டும் இங்கே வந்தார்.

இரண்டாம் வருகையின் கதையிலே இளமையின் துடிப்பு இல்லை. அது கொப்பி திருத்துபவனின் கதை. வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று 1864இல் துணிந்தார். துணிந்தவுடன் மலைபோல எதிர்நின்றவை சொற்கள். ஒவ்வோர் எலும்புக்கும் தசைக்கும் நரம்புக்கும், நோய்க்கும் மருந்துக்கும் தமிழிலே பெயர் வேண்டும். பகலிலே நோயாளர், எஞ்சிய பொழுதிலே மாணவரோடு இருந்து மொழிபெயர்ப்பும் திருத்தமும். ‘இரண வைத்தியம்’ 1867இல் அச்சேறியது. உடற்கூற்றை விளக்கும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. 1873இல் இங்கிருந்து இறுதியாக விடைபெற்றுச் சென்றார். சென்ற பின்பும் வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூல்களின் வேலையைத் தொடர்ந்தார். இரசாயனம் பற்றிய ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. 1884இல், தாம் பிறந்த ஊரிலேயே மறைந்தார். அவர் எழுதியும் எழுதுவித்தும் திருத்தியும் வெளியிட்ட தமிழ் வைத்திய நூல்களின் பக்கங்கள் 4000க்கு மேற்படும்.

அந்நூல்களின் பக்கங்களைப் புரட்டியபோது, தமிழாசிரியனாகிய எனக்கு அவற்றின் வடமொழி மிகுந்த நடை சிற்சில இடங்களிலே இடறவே செய்தது. ஆயினும் ஒரு சொல்லைத் தெரிவதற்கு ஒருவர் எத்தனை நாள் தயங்கியிருப்பார் என்பதை நான் அறிவேன். தொடங்கும்போது மாலையிடவும் முடிக்கும்போது கைதட்டவும் ஊர் வரும். ஓர் எலும்புக்குப் பெயர் தேடும் நடுப்பகலிலே எவரும் வருவதில்லை. வாசிப்பவர் உண்டோ என்பதும் தெரியாது. அவருக்கு அங்கே துணைநின்றது அவருடைய கிறிஸ்து பக்தியே என்பதில் ஐயமில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் நாவலர் பெருமானின் மரபைப் போற்றுபவன். மிஷனரிமார் மதம் பரப்பவே வந்தார்கள் என்பதையும், கிறீன் வைத்தியரும் அந்நோக்கத்தை மறைத்தவரல்லர் என்பதையும் மறந்தவனல்லன். அவ்வகையில் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஓர் ஒற்றுமை என்னைத் திகைக்க வைத்தது. நாவலர் பிறந்ததும் அதே 1822ஆம் ஆண்டு. கிறீன் மானிப்பாயிலே தொண்டு தொடங்கிய 1848இலேதான், அதுவரை பேர்சிவல் பாதிரியாரின் வேத மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒருவர் சிலுவையை நம்பியவர். மற்றவர் திருநீற்றை நம்பியவர். கொள்கையிலே எதிரெதிர். ஆயினும் சில மைல் இடைவெளியிலே, ஒரே காலத்திலே, இருவரும் தத்தம் நடுவயதை அச்சுத்தாளின் பிழைதிருத்தத்திலும் பாடநூல் ஆக்கத்திலும் கரைத்தார்கள். நாவலரைப் பற்றிப் பேசுவோர் அவருடைய கண்டனங்களையும் பிரசங்கங்களையும் புகழ்வர். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி, ஓர் எழுத்துப்பிழையும் புகாமல் பதிப்பிக்க அவர் விழித்திருந்த இரவுகளை எவர் பேசுகின்றார்? அவ்விரவுகளால் அன்றோ பாலபாடம் நம் கைக்கு வந்தது!

இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்த நாளொன்றிலே கோயிலுக்குப் போனேன். நால்வர் சந்நிதியிலே அப்பர் சுவாமிகளை நாற்பது ஆண்டுகளாக வணங்கி வருகின்றேன். அன்றுதான் அவருடைய கையைப் பார்த்தேன். நீற்றறையிலே வேகாமல் இருந்தது அவருடைய சரித்திரம். கல்லைக் கட்டிக் கடலிலே தள்ளியபோது மிதந்து கரையேறியது அவருடைய சரித்திரம். ஆனால் நம் முன்னோர் அவருக்குச் சிலை வடித்தபோது அந்த அற்புதங்களில் ஒன்றையும் அவர் கையிலே கொடுக்கவில்லை. உழவாரத்தைக் கொடுத்தார்கள். திருவீதியிலே புல்லுச் செதுக்கும் கருவி! இன்று செதுக்கிய புல் அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கும். என் மாணவரின் ஒருமை பன்மைப் பிழை போலவே. அதை அறிந்துகொண்டே அவர் செதுக்கினார்.

மாஸ்ரர் சொன்ன நாசரேத்துத் தச்சுப்பட்டறையும், எங்கள் சந்நிதியின் உழவாரமும் வெவ்வேறு சமயத்தவை. இரண்டையும் ஒன்றென்று சொல்லிக் குழப்ப நான் விரும்பவில்லை. கடவுளே மனிதனாகி வந்து, பெயரற்ற ஆண்டுகளைத் தாமே வாழ்ந்து அவற்றைப் புனிதமாக்கினார் என்பது கிறிஸ்தவரின் நம்பிக்கை. அந்நம்பிக்கையினாலே மாஸ்ரர் நிற்கின்றார். நான் என் நம்பிக்கையினாலே நிற்க வேண்டும். ஆனால் நடுவழியிலே நிற்பது எப்படி என்பதை அவரைப் பார்த்தே கற்றேன். அற்புதம் நிகழும் என்று காத்திருந்தவர் அல்லர் அவர். அற்புதம் நிகழாத இரவிலும் அடுத்த சங்கீதத்தை வாசித்தவர். நோக்கம் முதலில் வந்து செயல் பின்னர் வரும் என்று நான் எண்ணியிருந்தேன். அவருடைய வீட்டிலோ செயல் ஒன்பது ஆண்டுகள் தனியே நடந்தது. அதன் பின்னரே, ஒரு கையின் தட்டலாக, நோக்கம் வந்து சேர்ந்தது. அது வராமலே போயிருந்தாலும் அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார் என்பது என் எண்ணம்.

தம்பியின் படிவங்கள் என்னவாயின என்று வாசகர் கேட்கலாம். அவை மேசை இழுப்பறையிலேயே இருக்கின்றன. வெளிநாடு போவது பிழை என்று நான் சொல்லமாட்டேன். போனவர்களின் உழைப்பிலேதான் இங்கே பல வீடுகளில் அடுப்பெரிகின்றது. நானும் என்றேனும் பிள்ளைகளின் பொருட்டுப் போக நேரலாம். ஆனால் ஓர் இரவு என் மனைவி கேட்டாள்: “பிள்ளைகளுக்காகப் போவதென்றால் நாளைக்கே வாறன். உங்கட மனம் சலித்துப்போனதுக்காக எண்டால், அந்தச் சலிப்பையும் பெட்டிக்குள்ளே வைத்துக்கொண்டுதானே போகவேணும்?” நான் மறுமொழி சொல்லவில்லை. என் உயர்தர வகுப்பு மாணவர் பரீட்சை எழுதி முடிக்கும்வரை அப்பேச்சை எடுப்பதில்லை என்று தம்பிக்குச் சொல்லிவிட்டேன். அவன் கோபித்துக்கொண்டான், அடுத்த வாரமே மீண்டும் அழைத்தான்.

2023ஆம் ஆண்டின் முடிவிலே மாஸ்ரர் ஓய்வுபெற்றார். பிரியாவிடைக் கூட்டத்திலே எல்லோரும் நீண்ட உரைகள் ஆற்றினார்கள். அவர் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, மனைவிக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று புறப்பட்டார்.

2024ஆம் ஆண்டு தை மாதத்திலே அவருக்குக் கடுங்காய்ச்சல் என்று அறிந்து பார்க்கப் போனேன். இருட்டிவிட்டது. தொண்டை கட்டிப் பேச இயலாமற் படுத்திருந்தார். நான் எழும்பியபோது, கட்டிலருகே இருந்த வேதபுத்தகத்தைக் கையாற் காட்டி, “இண்டைக்கு எண்பத்தெட்டு” என்றார், குரல் வெளிவராமல்.

நீறு பூசிய நெற்றியோடு அந்த அம்மையாரின் அருகே அமர்ந்து எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசித்தேன். ஒரு துயருற்றவனின் முறையீடு அது. ஈற்றிலே ஆறுதல் வரும், ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தே வாசித்தேன். வரவில்லை. இருளைப் பற்றிய பேச்சோடு அது முடிந்துவிட்டது. வேதபுத்தகம் ஒன்றிலே இப்படியும் ஒரு பிரார்த்தனை இருக்கும் என்று நான் எண்ணியதில்லை. திகைத்து நிமிர்ந்தேன். அம்மையார் கண்களை மூடியவாறே இடக்கையால் கட்டில் சட்டத்திலே ஒருமுறை மெதுவாகத் தட்டினார்.

மாஸ்ரர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “அதையும் வாசித்துத்தான் ஆகவேணும், தம்பி. விட்டுவிட்டுப் போக ஏலாது” என்றார். பின்னர், “நாளைக்கு எண்பத்தொன்பது. அது பாட்டோடு தொடங்கும்” என்றார்.

மறுநாட் காலையிலே முதலாம் பாடவேளை. ஒன்பதாம் வகுப்பு. நாற்பத்திரண்டு கொப்பிகள் மேசைமேல் இருந்தன. முதலாவதை விரித்தேன். “பறவைகள் பறந்தது” என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையை எடுத்து, “இங்கே வாரும் பிள்ளை” என்று அழைத்தேன்.